புளி போட்டு விளக்கிய காசு

புங்கந்துறையில் பூவாத்தாள் காலை ஐந்தரை மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தாளென்றால் உட்கார்ந்ததுதான். பதினொன்றுக்கு இட்லிக் குண்டானைக் கவிழ்க்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள், ஒறம்பரை என்று விருந்தாளி வந்தாலும் மாட்டாள், ஓட்டுக் கேட்டு வந்தாலும் மாட்டாள், ஒருநாள் கூரையிலிருந்து பாம்பு தொங்கியபோதுகூட "சித்த இரு, இட்லி வேகுது" என்று அதைப் பார்த்துச் சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை, கடைசியில் பாம்புதான் போய்விட்டது. அடுப்பும் மாவுப் போசியும் சட்னிச் சட்டியும் அவளைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் தாங்களே தட்டெடுத்து, தாங்களே கழுவி, அவள் முன்னால் நீட்ட வேண்டும். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டதும் சுளிப்பு போய்விடும்.

காலில் அவளுக்கு ஒரு கோளாறும் இல்லை. அது ஒரு சொல்லால் வந்த உட்கார்வு. ஏழு வருசத்துக்கு முன்னால், ஒரே மகள் மயிலாத்தாளுக்கு நிச்சயம் வைத்த அன்று, இருநூறு பேருக்கு ஆக்கி இறக்கி இலையும் போட்ட பிறகு, பெண்ணைக் காணோம். தாராபுரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த மாசிலாமணியோடு போய்விட்டாள் என்று மத்தியானம் சேதி வந்தது. வேறு சாதி, வேறு வழக்கம், ஊர் வாய் நாலு விதமாகப் பேசியது, அதெல்லாம் தனக்குப் பெரிசில்லை என்று பூவாத்தாள் சொல்லிக்கொண்டாள், அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! பெத்தவ நான், மாவாட்டுற எடத்துல என்ற பக்கத்துலயேதான உக்காந்திருந்தா, சொல்லலியே!" அந்த ஆத்திரத்தில், ஊரே நின்று கேட்க, முக்காலியில் உட்கார்ந்தபடி அவள் சொன்னாள்: "நான் இங்க உக்காந்திருக்கற வரைக்கும் அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

சொன்னவள் சொல்லைக் காப்பாற்றினாள். வாசல் திறந்திருக்கிற நேரம் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள், பதினொன்றுக்கு எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் அவள் புருசன் நல்லப்பன் வந்து கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும், தாழ் விழுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எழுந்திருப்பாள். ஒருநாளும் தவறவில்லை.

நல்லப்பன் அதிகம் பேசாத மனுசன். அமராவதியில் வெள்ளம் வடிந்தால் சல்லடையோடு இறங்கி மணல் அரிப்பார், பழைய காசு கிடைக்கும், பாசிமணி கிடைக்கும், ஒரு நல்ல வருசத்தில் பொட்டளவு தங்கம் கிடைத்தது. வெள்ளம் இல்லாத நாட்களிலும் சல்லடை இல்லாமலே ஆற்றுக்குப் போவார். "அங்க சிக்னல் நல்லாக் கெடைக்குது" என்பார். யாரோடு பேச சிக்னல் என்று பூவாத்தாள் கேட்டதில்லை, கேட்டால் பொய் சொல்லத் தெரியாமல் அந்த மனுசன் திணறுவார், அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்காது. அமராவதி தாராபுரத்தைத் தாண்டித்தான் புங்கந்துறைக்கு வருகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த ஐப்பசி வெள்ளத்துக்குப் பிறகு நல்லப்பன் ஒரு செம்புக் காசு கொண்டுவந்தார், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, முழுக்கப் பச்சைக் களிம்பு. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள் எது பச்சை பிடித்துக் கிடந்தாலும் பூவாத்தாளுக்குப் பொறுக்காது, குத்துவிளக்கோடும் செம்புக் குடத்தோடும் சேர்த்து அந்தக் காசையும் புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசி வெயிலில் வைத்தாள். காசு புதுப் பெண் மாதிரி மின்னியது.

ஒரு பக்கம் ஓர் ஆள் நின்றிருந்தார், குச்சிக் கால், புள்ளிக் கண், ஒரு கை இடுப்பில், ஒரு கை மடங்கி மேலே தூக்கியபடி. மறுபக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், ஒரு காலை மடக்கி, முழங்கால் மேல் கையைப் போட்டு, அசைய மாட்டேன் என்கிற மாதிரி. பூவாத்தாள் அதைப் பார்த்து முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள், அது யார் உட்கார்கிற விதம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்தவள் அடியில் போகும்படி காசை ஒரு கவிழ்த்த டம்ளர் மேல் வைத்து, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் நிறுத்திவிட்டு, "இதை யாரும் திருப்பப் படாது" என்றாள்.

மறுநாள் காலை, மின்வாரிய லைன்மேன் குப்புராசு மூன்றாவது இட்லியின்போது காசை உற்றுப் பார்த்தான். "அக்கோவ், இவரு செல்போன் பேசறாருங்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் பார்த்தால், காசில் நிற்கிறவர் கையில் செல்போன் இருந்தது. பூவாத்தாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "குப்புராசு, உன்ற ஆளு போன் வாங்கிட்டாரு" என்றாள், சட்னி ஊற்றினாள். அது எப்படி என்று கேட்க அந்தக் கடையில் யாருக்கும் நேரமில்லை, யாரிடம் பேசுகிறார் என்பதில்தான் வழக்கு வந்தது. மூஞ்சி போகிற போக்கைப் பார்த்தால் பெண்சாதி கூப்பிட்டிருக்கிறாள் என்று ஒரு கட்சி, இல்லை, லோன் வேணுமா சார் என்று எவளோ கூப்பிட்டிருக்கிறாள் என்று ஒரு கட்சி. சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம்.

டைலர் சின்னுச்சாமி, "போனு கீனெல்லாம் இல்லீங், சட்டைக்கு அளவு குடுக்கக் கையத் தூக்கிட்டு நிக்கிறாரு" என்றார், மறுநாள் அக்குளில் டேப் ஓடியது. பள்ளிக்கூடத்து கிரேஸ் டீச்சர், "பதில் தெரியாமலே கை தூக்கறவன் இவன், எனக்குத் தெரியாதா" என்றார், மறுநாள் தோளில் புத்தகப் பை. அப்புறம் அவர் நிற்காத பஸ்ஸுக்குக் கை காட்டினார், கண்ணில் நுரை போகத் தலைக்குக் குளித்தார், ஆதார் போட்டோவுக்கு அசையாமல் நின்றார், பரோட்டா வீசினார், ஒருநாள் பூராவும் தலைக்கவசம் கழற்ற முடியாமல் திண்டாடினார். ஊர் ஜனம் காலையில் நாள்காட்டியைப் பார்க்கிறதை விட்டுவிட்டுக் காசைப் பார்த்தது. ஒரே நாளில் ஆறு பேர் ஆறு விதம் சொல்லி, மறுநாள் காசில் அந்த மனுசன் ஆறும் செய்து நாக்குத் தள்ளி நின்றதைப் பார்த்த பிறகு, பூவாத்தாள் கரண்டியால் குண்டானைத் தட்டி ஒரு சட்டம் போட்டாள்: ஒரு நாளைக்கு ஒருத்தர், ரேசன் கார்டு நம்பர் வரிசைப்படி. தன் வீட்டுக் கார்டை மட்டும் அவள் வரிசையில் சேர்க்கவில்லை.

இடையில் பழங்காசு சேர்க்கிறவர் ஒருவர் கரூரிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்தார். காசைப் பார்த்தார், பூவாத்தாளைப் பார்த்தார். "இதை எதுல கழுவினீங்கம்மா?"

"புளியிலதானுங். ஏனுங், எலுமிச்சம்பழத்துல தேச்சிருக்கோணுமா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் வருசக் களிம்பு போச்சே, போச்சே என்று புலம்பினார். பூவாத்தாளுக்குப் பாவமாகப் போய் இரண்டு இட்லி வைத்தாள். வந்த விருந்தாளி என்று அன்றைய முறையை அவருக்கே கொடுத்தார்கள், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது ஒரு ராசா, கையில் இருப்பது பூ என்றார். மறுநாள் காசில் கிரீடம் வைத்த ராசா கையில் பூவோடு நின்றார். எல்லாரும் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. "பாவம், வேலைவெட்டி இல்லாம நிக்கிறாரு" என்றார் சின்னுச்சாமி. காசுக்காரரே வெகுநேரம் பார்த்துவிட்டு, "செல்போன் பேசினப்ப நல்லா இருந்தாருங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அதன் பிறகு பஸ் ஏறி வாரம் ஒரு தடவை இட்லிக்கு வந்துகொண்டிருந்தார்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். முந்தின நாள் முறை சின்னுச்சாமியுடையது, கிரிக்கெட் ஆடுகிறார் என்று சொல்லியிருந்தார். காலையில் காசில் மட்டை இல்லை, பந்து இல்லை. நின்றது ஆணும் இல்லை. முந்தானை தெரிந்தது, பின்னல் தெரிந்தது, வயிறு மேடிட்டிருந்தது, ஒரு கை இடுப்புக்கு முட்டுக் கொடுத்திருக்க, ஒரு கை வெளியே நிற்கிறவள் கதவைத் தட்டப் போய்த் தட்டாமல் நிறுத்தின மாதிரி மேலே தூக்கியபடி இருந்தது.

"நான் பேட்டுன்னுதானுங் சொன்னேன்! வயித்தச் சொல்லவே இல்லீங், சாமி சத்தியமா!" என்று பதறினார் சின்னுச்சாமி. கிரேஸ் டீச்சர் காசையும் பூவாத்தாளையும் மாறி மாறிப் பார்த்தார், பார்த்தவர் தட்டோடு வெளியே போய்விட்டார்.

பூவாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் விடிகாலை, கடை திறக்கும் முன்னால், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, நல்லப்பன் அலமாரிப் பக்கம் நின்று எதையோ முணுமுணுத்தார், சாமி கும்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். பெண்சாதியிடம் சொல்ல வாய் வராத மனுசன் மகள் சேதியைக் காசிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஊற்றிய சட்னி தட்டைத் தாண்டி, குப்புராசு சட்டையில் கொஞ்சம் கொட்டியது. அவன் பரவாயில்லைங் என்றான்.

அன்றிலிருந்து ஊர் அந்தப் பெண்ணை மாற்றவில்லை. முறை வந்தவர்கள் போன் என்றும் பரோட்டா என்றும் சொல்லவில்லை, யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை, தாமாகவே அப்படி நடந்தது. "வெயில் ஏறுதுங், குடை வெச்சிருக்குது அந்தப் புள்ள" என்றார் ஒருவர், மறுநாள் குடை வந்தது. "கால் வீங்கியிருக்கும், பெரிய சைசு செருப்பா இருக்கட்டும்" என்றார் கிரேஸ் டீச்சர், செருப்பு வந்தது. குப்புராசு, "பொழுது எறங்குனா பயந்துக்குமுங்" என்று ஒரு விளக்குக் கம்பம் நட்டுக்கொடுத்தான். காசுக்காரர் தன் முறைக்காகக் கரூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ராசா கையில் இருந்த பூ இப்போது அந்தம்மா தலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது, நிழலுக்கு ஒரு வேப்ப மரம் வந்தது, கட்டைவிரல் நகமளவு காசில் ஒரு குடும்பத்துக்கு ஆகிற சாமான் சேர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. சின்னுச்சாமி இரண்டு முறை, "அது உக்கார ஒரு சேர் இருக்குதுங்" என்று சொல்லிப் பார்த்தார். சேர் வரவே இல்லை, அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

பூவாத்தாளுக்கு ஆத்திரமான ஆத்திரம். "என்ற கடையில தின்னு போட்டு எனக்கே நாயம் சொல்றீங்களா? ஆரு சொன்னா உங்களுக்கு அது அவதான்னு?" என்று கத்தினாள். யாரும் அது அவள்தான் என்று சொல்லியிருக்கவில்லை, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இட்லி கல்லாக இருந்தது, அவள் வாழ்நாளில் முதல் தடவையாக. அதையும் யாரும் சொல்லவில்லை.

பதினொன்றுக்கு நல்லப்பன் தாழ் போட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி டம்ளர் மேலிருந்த காசை எடுத்து, மூன்று மாசத்துக்குப் பிறகு, திருப்பிப் பார்த்தாள். உட்கார்ந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், புளி போட்டு விளக்கிய அன்று இருந்த மாதிரியே, அவளுக்கு யாரும் ஒரு குடை சொல்லவில்லை, ஒரு பூ சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னாலேயே இத்தனை நாளாக ஒருத்தி நிற்பது அவளுக்குத் தெரியாது.

"எத்தனாவது மாசமுங்?" என்று நல்லப்பனிடம் கேட்டாள் பூவாத்தாள்.

"ஒம்பது பொறந்து மூணு நாளாச்சு."

"எங்கிட்ட ஏனுங் சொல்லல? அவளுஞ் சொல்லல, நீங்களுஞ் சொல்லல. அப்பனும் மகளும் ஒண்ணு, நான்தான் வேத்தாளா?"

நல்லப்பன் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். இருபத்தொன்பது வருசத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "அவ சொல்ல வந்தா பூவா. நிச்சயத்துக்கு மொத நாளு, காலையில. இந்தா, நீ உக்காந்திருக்கற எடத்துக்கு எதுக்க வந்து நின்னா. ஒரு தடவையில்ல, ரெண்டு தடவை. கடையில கூட்டம். நீ ஏறிட்டுப் பாக்காம, 'சித்த இரு, இட்லி வேகுது'ன்ன. நின்னு பாத்தா, போயிட்டா. ரெண்டாந்தடவையும் அதையேதான் சொன்ன. நான் அந்தப் பெஞ்சுலதான் இருந்தேன். ஏழு வருசமா இத உங்கிட்டச் சொல்லோணும்னு இருந்தேன், நீ உக்காந்தே இருந்தியா, எனக்குத் தெம்பு வல்ல."

பூவாத்தாள் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுப்புச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் வெகுநேரம் அழுதாள். நல்லப்பன் அவள் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் வைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணி, கடை நிறைந்த கூட்டம், குண்டானில் ஆவி பறக்கிறது, வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. முறைக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் பூவாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இன்னிக்கு என்ற மொற" என்றாள். காசை எடுத்து எல்லாரும் பார்க்கத் திருப்பி, உட்கார்ந்தவள் மேலே வரும்படி டம்ளரில் வைத்தாள். "இவ ஆருன்னு உங்க எல்லாத்துக்கும் தெரியும். எனக்குந் தெரியும். ஊரு கேக்கச் சொன்ன சொல்லு, ஊரு பாக்கத்தான் தீரோணும்." ஒரு கையை அலமாரியில் ஊன்றி, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, "இவ எந்திரிக்கறா" என்றாள். எழுந்தாள்.

முட்டி இரண்டும் மளுக்கென்ற சத்தம் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது. திறந்த கதவுக்கு நேரே அவள் நிற்பதைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் ஏனென்று தெரியாமல் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்கள். "ஏனுங்" என்று அவள் புருசனைக் கூப்பிட்டாள். "புளி ஊற வையுங்."

அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு அது போதும். மகளுக்கு ஒன்பதாம் மாசத்தில் அம்மாக்காரி கட்டுச்சோறு ஆக்கி எடுத்துப் போய், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஊட்டி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கிரேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தேங்காய் துருவினார். சின்னுச்சாமி எலுமிச்சம்பழம் பிழிந்து கொட்டையையும் உள்ளே விட்டு வசவு வாங்கினார். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, ஐந்தும் ஐந்து தூக்குப்போசியில் ஏறின. குப்புராசு இட்லிக் குண்டான் பக்கம் போய் நின்றுகொண்டு, "நீங்க போயிட்டு வாங்கக்கா, கடைய நாங்க பாத்துக்கறோம்" என்றான். முக்காலியில் உட்கார அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பூவாத்தாளும் நல்லப்பனும் ஏறிய பஸ் போன பிறகு கடையில் இருந்தவர்கள் காசைப் பார்த்தார்கள். சொன்னது மறுநாள்தான் வரும் என்பது வழக்கம், அன்றைக்கு மட்டும் அது காத்திருக்கவில்லை. உட்கார்ந்தவள் இருந்த பக்கத்தில் மூன்று கால் வைத்த ஒரு முக்காலி இருந்தது, அதில் யாரும் இல்லை. திருப்பிப் பார்ப்போமா என்று யாரோ கேட்டார்கள். "வேண்டாம், அவங்க வீட்டு விசயம்" என்றார் கிரேஸ் டீச்சர், எல்லாரும் தட்டுக் கழுவப் போனார்கள்.

தாராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல், இரண்டு தெரு திரும்பி, ஒரு பட்டறைக்குப் பின்னால் நேராகப் போய் நின்றார் நல்லப்பன். பூவாத்தாள் அதைக் கவனித்தாள், இந்த ஒரு தடவை விட்டுவிடுவோம் என்று விட்டுவிட்டாள்.

மயிலாத்தாள் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கை இடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்தது, ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. கால் வீங்கி, மாசிலாமணியின் பெரிய செருப்பைப் போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா கையில் தூக்குப்போசிகளைப் பார்த்தாள், அம்மா தன் காலில் நிற்பதைப் பார்த்தாள். அழுகையும் வேண்டாம், கோபமும் வேண்டாம் என்று எத்தனை நாள் நினைத்து வைத்திருந்தாளோ, ஒன்றும் உதவவில்லை, உதடு கோணிக்கொண்டது. பதறிப்போய் உள்ளே திரும்பி, ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து வந்து போட்டாள்.

"உக்காரும்மா" என்றாள்.

"ஏழு வருசமா உக்காந்துதான் சாமி இருந்தேன்." பூவாத்தாள் மகளைத் தோளைப் பிடித்து அந்தச் சேரில் உட்காரவைத்தாள். புளிச்சோற்றுப் போசியைத் திறந்து, ஒரு உருண்டை பிடித்து, மகள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அன்னிக்கு ரெண்டு தடவை வந்து என்னமோ சொல்ல நின்னியாமா. இப்பச் சொல்லு கண்ணு. சாவகாசமாச் சொல்லு, நான் நின்னுட்டே கேக்கறேன்."